லாடம் எழுதிய நன்றிக் கடிதம்

ஆம்பூர் ஷூ கம்பெனிகளிலேயே வெறுங்காலோடு உலவிய ஒரே சூப்பர்வைசர் எங்கள் லாடம்தான். ஷூ இல்லாமல் இல்லை. அதைக் கைக்குழந்தை மாதிரி கக்கத்தில் இடுக்கியிருப்பார்.

சரக்கு பார்க்க வந்த வெளிநாட்டுக்காரர் ஒருவர் தன் ரேஸ் சைக்கிளையும் ஷூவையும் அவருக்குக் கொடுத்துவிட்டுப் போனார். ஷூவின் அடியில் கிளீட் என்றொரு பிளாஸ்டிக் துண்டு. மிதித்தால் பெடலில் 'டக்'கென்று மாட்டிக்கொள்ளும். குதிகாலைத் திருப்பினால்தான் விடும். குதிரைக்கு லாடம் போல இவருக்கு அது; அப்படி வந்தது பெயர்.

நடந்தால் கிளீட் தேயுமாம். அதனால்தான் வெறுங்கால். "உங்கள் ஆட்களுக்கே ஷூ கிடையாதா?" என்று வருகிறவர்களெல்லாம் கேட்க, தரக்கட்டுப்பாட்டு மேனேஜரான நான் பதில் சொல்லியே களைத்தேன்.

டீ நேரத்தில் பாடம் வேறு.

"பெடலைக் கையால சுத்திப் பாரு. கரகரன்னா கிரீஸ் வை. ஆடுச்சுன்னா பேரிங் போச்சு. திருப்பாமலே கால் வந்துட்ச்சுன்னா கிளீட்டை அன்னிக்கே மாத்து."

"சைக்கிளே இல்லாதவன்கிட்ட இன்னாத்துக்குண்ணே இது?" என்பான் கட்டிங் பிரிவு சலீம்.

"வாங்குவ இல்ல, அப்போ?"

கடைசியில் அவருடைய கிளீட்டே தேய்ந்தது. நான் ஜெர்மனி கண்காட்சிக்குக் கிளம்பியபோது, அதன் படத்தை அட்டையில் வரைந்து கொடுத்தார். "ஒரு ஜோடி போதும் சார்."

மறந்துவிட்டேன். திரும்பி வந்து உண்மையைச் சொல்லக் கூச்சம். "அந்த மாடலையே நிறுத்திட்டாங்களாம்" என்றேன்.

துக்க வீட்டில் நிற்பவர் போல நின்றார். "நல்ல மாடல் சார் அது."

பிறகு கம்பெனி சோல் ஷீட்டில் தானே ஒரு ஜோடி வெட்டி என் மேஜையில் வைத்தார். "எப்படி சார் இருக்கு?" நான் ஃபைலிலிருந்து தலையை நிமிர்த்தாமல் "ஓகே" என்றேன். தயாரிப்பு லைனில் நான் ஓகே சொன்னால் அதற்கு மேல் பேச்சில்லை.

பாலாற்றுப் பாலத்தில் எழுந்து நின்று மிதித்தபோது அந்தக் கிளீட் கிழிந்தது. விழுந்ததில் தோள்பட்டை எலும்பு போயிற்று.

ஆஸ்பத்திரியில் அவர் மனைவி, "மாடலை நிறுத்தினவன் நல்லா இருப்பானா சார்?" என்று என்னிடமே கேட்டார்.

"வுடு. அவனுக்கு இன்னா பேஜாரோ" என்றார் லாடம்.

அடுத்த ஆண்டு இரண்டு ஜோடி வாங்கி வந்தேன். அப்போதும் துணிச்சல் வரவில்லை. "திரும்பவும் போட ஆரம்பிச்சிட்டாங்க" என்றேன். அவர் அந்தப் பாக்கெட்டை ஒரு வாரம் பிரிக்கவில்லை. லைன் முழுக்கக் காட்டினார். பிறகு அந்தக் கம்பெனிக்குத் தமிழில் கடிதம் எழுதி, "இங்கிலீஷ்ல மாத்தி அனுப்பிடுங்க சார்" என்று என்னிடம் தந்தார். அனுப்பிவிட்டதாகச் சொன்னேன்.

லாடம் இப்போது இல்லை. கடிதம் என்னிடம்தான் இருக்கிறது. 'ஐயா, எங்களை மறக்காமல் இருந்ததற்கு நன்றி' என்று தொடங்கும். முதல் வரிக்கு மேல் என்னால் இன்னும் படிக்க முடியவில்லை.