நாலு இஞ்ச் கிளாம்பும் ரெண்டரை அடி மேசையும்

கடைக்காரர் சொல்வதைக் கேட்பதென்றால் எனக்கு ஆகவே ஆகாது. "இது சாயம் போகும்மா" என்று அவர் எந்தப் புடவையைக் காட்டிச் சொல்கிறாரோ, அதைத்தான் எடுப்பேன். (போனது. போன சாயம் என் வீட்டுக்காரர் சட்டையில் இன்னும் இருக்கிறது.) அந்தக் குணம்தான் ஒருநாள் என்னைக் கூடத்துச் சுவரில் முதுகை முட்டுக்கொடுத்து, விருந்தாளிகள் கண்ணெதிரே ஒரு மேசையை உதைத்துக்கொண்டு உட்கார வைத்தது.

எங்களுக்கு ஏரிக்கரையில் தோணிரேவு என்ற ஊர். வீட்டுக்காரர் ஏரியில் மீன் பிடிக்கிறவர். நான் போனில் வீடியோ பார்த்துத் தச்சு வேலை பழகினேன். முதலில் ஒரு முக்காலி செய்தேன். மூன்று கால் ஆடாது என்பார்கள், என்னுடையது ஆடியது. அடுத்துச் செய்த ஸ்டூல் ஆடவில்லை. அவ்வளவுதான், பின்பக்கக் கொட்டகையில் இருந்த வலைகளை ஒரு மூலைக்குத் தள்ளிவிட்டு, ரம்பம், இழைப்புளி, ஆணி டப்பா என்று கடை விரித்துவிட்டேன். வீட்டுக்காரர் ஒரு மாதம் பொறுத்துப் பார்த்துவிட்டுச் சொன்னார்:

"இந்தாம்மே, சுமதிக்கு மேசை செஞ்சி தரேன்னு சொன்ன இல்ல? செய். ஞாயித்துக்கெழம மாப்ள ஊட்டுக்காரங்க வர்றாங்க. அன்னிக்கு மேசை நின்னுச்சுன்னா கொட்டாய் உனுக்கு. நிக்கல, என் வலைங்க உள்ள வந்துரும். அப்பால ஒரு பேச்சு பேசக்கூடாது."

சுமதி அவருடைய தங்கை. ஏரிக்கு அக்கரையில், படகில்தான் வர வேண்டிய பசியாவரத்தில் மாப்பிள்ளை பேசி முடித்திருந்தோம். கல்யாணத் தேதி குறிக்கத்தான் அவர்கள் வருவதாக இருந்தது. ஆனால் எனக்குத் தேதியெல்லாம் கண்ணில் படவில்லை. கொட்டகைதான் தெரிந்தது.

அரை அடி அகலத்தில் ஐந்து பலகை. பக்கத்துக்குப் பக்கம் பசை தடவி ஒட்டி, இறுக்கிப் பிடித்துவைத்தால் ரெண்டரை அடி மேசைப் பலகை தயார். இறுக்கிப் பிடிக்க கிளாம்ப் வேண்டும். பொன்னேரியில் ஒரு ஹார்டுவேர்ஸ் கடைக்குப் போனேன்.

"ரெண்டரை அடி அகலம்னா மூணு அடி கிளாம்ப் நாலு எடுத்துக்கங்கம்மா" என்றார் கடைக்காரர்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "அண்ணே, பெரிய கண்ணு வலை போட்டா மடவை மீனு மட்டும்தான் மாட்டும். எறா பூரா ஓடிப்பூடும். சின்னக் கண்ணு வலை போட்டா எறாவும் மாட்டும், மடவையும் மாட்டும். புடிக்கிறதப் பத்தி எங்களுக்கேவா சொல்றீங்க? இருக்கிறதுலயே சின்னதா குடுங்க."

"நாலு இஞ்ச் இருக்கு. ஆனா அது நாலு இஞ்ச்தாம்மா தொறக்கும்."

"அதேதான். பன்னெண்டு போடுங்க."

(இதற்குமேல் ஒரு மனுஷன் எப்படித்தான் விளக்குவார்? அவர் பன்னிரண்டையும் பொட்டலம் கட்டினார்.)

சனிக்கிழமை காலை வீட்டுக்காரர் ஏரிக்குப் போனதும் ஆரம்பித்தேன். கொட்டகைத் தரை மேடுபள்ளம் என்று கூடத்திலேயே செங்கல் வைத்து, அதன்மேல் பலகைகளை அடுக்கி, பசை தடவி, ஒன்றோடொன்று சேர்த்துவிட்டு, முதல் கிளாம்பைத் திறந்தேன். பலகைகள்மேல் வைத்துப் பார்த்தேன். அதன் வாய் ஒரு பலகையைக்கூடத் தாண்டவில்லை. திருப்பி வைத்துப் பார்த்தேன். திருப்பினாலும் நாலு இஞ்ச்தான். பசை டப்பாவில், பத்து நிமிடத்துக்குள் இறுக்க வேண்டும், ஒரு மணி நேரம் அசையக் கூடாது என்று போட்டிருந்தது.

"ஏய் சுமதீ! ஓடியா!"

தலை நிறைய எண்ணெயோடு நைட்டியில் வந்தாள். எங்கள் கூடம் குறுகல்; அன்றைக்கு அதுதான் காப்பாற்றியது. இந்தச் சுவரில் என் முதுகு, அந்தச் சுவரில் அவள் முதுகு, நடுவில் மேசை. இரண்டு பேரும் ஆளுக்கொரு பக்கமாகக் காலால் உதைத்துத் தள்ளினோம்.

"எம்மா நேரம் அண்ணி?"

"ஒரு மணி நேரம்."

"அடிப்பாவி அண்ணி! எனுக்குக் காலு மரத்துப்போச்சு."

"மரத்துப்போனா நல்லதுதான். ஆடாது. தள்ளு!"

கால் மணி நேரம் ஆகியிருக்கும். வாசலில் செருப்புச் சத்தம். "யாரும்மா ஊட்ல? நாளிக்கு வாடைக் காத்து கெளம்பும்னாங்க. அதான் இன்னிக்கே வந்துட்டோம்..." என்றபடி மாப்பிள்ளையின் அம்மா உள்ளே வந்தார். பின்னால் பழப் பையோடு மாப்பிள்ளை தேசப்பன். அந்த அம்மா அப்படியே நின்றுவிட்டார். வரப்போகிற மருமகள் எண்ணெய் வழிய, பல்லைக் கடித்துக்கொண்டு, அண்ணிக்காரியைப் பார்த்து உதைத்துக்கொண்டிருக்கிறாள்.

"இன்னாம்மா இது? ரெண்டு பேருக்கும் சண்டையா?"

எனக்கு மானம் போய்விட்டது. "வாங்க" என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். அதற்குள் தரையில் சிதறிக்கிடந்த கிளாம்புகள் கண்ணில் பட்டு, ஒரு யோசனை வந்து தொலைத்தது.

"அத்த, உங்க படகுல உக்கார்ற பலகை எத்தினி?"

"மூணு. ஏம்மா?"

"அதக் கழட்டினு வரச் சொல்றீங்களா?"

சுமதி கண்ணை மூடிக்கொண்டாள். ஆனால் தேசப்பன் ஏன் எதற்கு என்று கேட்கவில்லை. பழப் பையை அம்மா கையில் கொடுத்துவிட்டு ஓடினார்.

மேசையைப் பிடிக்கத்தான் என் கிளாம்புக்கு வாய் போதாது. ஒரு கட்டையைப் படகுப் பலகையோடு சேர்த்துப் பிடிக்க நாலு இஞ்ச் தாராளம். படகுப் பலகையை மேசைக்கு அடியில் குறுக்கே நுழைத்து, இரண்டு முனையிலும் ஒவ்வொரு கட்டை வைத்து, கட்டைக்கு இரண்டு கிளாம்ப் போட்டு முடுக்கினோம். கட்டைக்கும் மேசை விளிம்புக்கும் நடுவில் ஆப்பைச் செருகி தேசப்பன் சுத்தியலால் அடிக்க, ஐந்து பலகையும் நெருங்கி, ஒட்டின இடமெல்லாம் பசை பிதுங்கியது. மூன்று படகுப் பலகை, பலகைக்கு நாலு கிளாம்ப். மொத்தம் பன்னிரண்டு! ஒன்று மிச்சமில்லை, ஒன்று குறைவில்லை. நான் எழுந்து நின்று கை தட்டினேன். (கால் மரத்திருந்ததால் உடனே விழுந்தேன்.)

மத்தியானம் வீட்டுக்காரர் ஓடி வந்தார். "இன்னாம்மே, அவங்க படகுல ஒரு பலகைகூட இல்ல! எவனோ தூக்கினு பூட்டான்!"

"எவனோ இல்லப்பா. உன் பொண்டாட்டிதான்" என்றார் மாப்பிள்ளையின் அம்மா.

உட்காரப் பலகை இல்லாமல் எப்படித் திரும்பிப் போவது? சாயங்காலம் வரை இருந்தார்கள். இறால் தொக்கோடு சாப்பிட்டார்கள், தேதியும் குறித்தார்கள். கடைசியில் ஆப்பைத் தட்டி எடுத்து, ஏற்கெனவே செய்துவைத்திருந்த கால்களை மாட்டி நிமிர்த்தினேன். வீட்டுக்காரர் மேசையை அமுக்கினார், ஆட்டினார், ஏறி உட்கார்ந்தே பார்த்தார். அது அசையவில்லை. நேராகக் கொட்டகைக்குப் போய் வலைகளைச் சுருட்டி வெளியே கொண்டு வந்தார். எனக்கு வந்த சந்தோஷம் இருக்கிறதே, அப்படியொரு சந்தோஷம் என் கல்யாணத்தன்று கூட வரவில்லை.

பொன்னேரிக் கடைக்கு அடுத்த வாரமே போனேன். கடைக்காரர் மூணு அடி கிளாம்பை எடுத்து மேசைமேல் வைத்தார். "அது வேணாம்ணே. நாலு இஞ்ச்சுல இன்னும் பன்னெண்டு" என்றேன். இன்றுவரை பெரிய கிளாம்ப் வாங்கவில்லை. கட்டில், பெஞ்ச் என்று எது ஒட்டுவதாக இருந்தாலும் முதல் நாளே பசியாவரத்துக்குப் போன் போட்டு, "நாளிக்கு எல்லாரும் சாப்புட வாங்க" என்பேன்.

"வரோம்க்கா. எத்தினி பலகை?" என்பார் தேசப்பன்.