பெறுநர்: மேன்மை தங்கிய ஆளுநர், தீவு

‘தெரியாது’ என்று சொல்லும் தைரியம் எனக்கு முப்பத்தைந்து வயதுக்குப் பிறகுதான் வந்தது. அதற்கு முன்னர் புதுக்குடியிருப்பில் உயர்தர மாணவருக்கு அரசியல் பாடம் ரியூசன் எடுத்துக்கொண்டிருந்தேன். அந்தத் தொழிலில் அந்தச் சொல்லுக்கு இடமில்லை.

ஒருநாள் வகுப்பு முடிந்ததும் ஸ்ரெல்லா வந்தார். என் மாணவி ஒருத்தியின் தாய். முல்லைத்தீவுக் கரையில் மீன் விற்பவர். அவரது தம்பி வெளிநாடு போகவென்று படகேறி, படகு பழுதாகி, இந்து சமுத்திரத்தில் பிரித்தானியாவின் பொறுப்பிலுள்ள ஒரு தீவில் கரைசேர்ந்து, கூடாரத்தில் இருந்தார். அவரது குரலைக் கேட்டு ஐந்து மாதம்.

“ரீச்சர், தம்பி எங்கை இருக்கிறான் எண்டு தெரியும். ஆரின்ரை கையிலை இருக்கிறான் எண்டுதான் தெரியேல்லை. ஆருக்கு எழுதிறது?”

எனக்கும் தெரியாது. ஆனால் கையில் வெண்கட்டி இருந்தது. (அது கையில் இருந்தால் நான் உலகத்தையே விளங்கப்படுத்துவேன்.) கரும்பலகையில் மூன்று பெட்டி கீறினேன். மேலே மன்னர், நடுவில் வெளிநாட்டு அமைச்சர், கீழே ஆளுநர்.

“கடலுக்கு அங்காலை அவையள் ஆளுற ஒவ்வொரு இடத்துக்கும் ஒரு ஆளுநர். அங்கையே மாளிகையிலை இருப்பார். தம்பியின்ரை கூடாரத்திலை இருந்து கூப்பிடு தூரம்!”

“கூப்பிடு தூரம் எண்டால் ஏன் ரீச்சர் அவருக்குக் கேக்கேல்லை?”

“கேக்கிற மாதிரி நான் எழுதிறன்.”

தம்பியைத் தாயுடன் பேசவிடுங்கள் என்று ஆங்கிலத்தில் ஆறு பக்கம் எழுதினேன். நாற்பத்து மூன்று பேர் கையெழுத்து வைத்தார்கள். தபாலில் போடுகிற நாளன்று ஸ்ரெல்லா பாதிச் சனத்தை உழவு இயந்திரப் பெட்டியில் ஏற்றி வந்துவிட்டார். கலியாண ஊர்வலம் மாதிரி; நான் கூறைச்சேலை உடுத்தாததுதான் குறை.

தபால் அதிபர் உறையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“ஆளுநர் மாளிகை எண்டு போட்டிருக்கிறியள். எந்த வீதி?”

“சின்னத் தீவு சேர். ஆளுநரைத் தெரியாத ஆள் இருக்காது.”

அவர் கைபேசியை எடுத்துத் தேடினார். வாய்விட்டு வாசித்தால்தான் அவருக்கு விளங்கும் போலும். “அங்கை ஆளுநர் இல்லையாம். ஆணையாளராம். அவரும் அங்கை இல்லை. லண்டனிலை, வெளிநாட்டு அமைச்சிலை மேசை. இருந்த சனத்தையும் எப்பவோ எழுப்பி அனுப்பிப்போட்டினமாம். இப்ப படைத்தளம்தான்.”

பின்னாலிருந்து ஒரு குரல்: “அப்ப ரீச்சர் கீறின மாளிகை?”

வந்த சனமெல்லாம் சிரித்தது. என் காதில் அப்பம் சுடலாம், அவ்வளவு சூடு. ஸ்ரெல்லா மட்டும் சிரிக்கவில்லை. என்னையே பார்த்துக்கொண்டு நின்றார்.

மன்னிப்புக் கேட்டிருக்க வேண்டும். நானோ கவுண்டரில் ஓங்கி அடித்தேன்.

“பிழை என்ரை இல்லை! தீவை ஆளுறவர் தீவிலைதான் இருக்கவேணும். இல்லாதது அவரின்ரை பிழை!”

“அதையும் எழுதி விடுங்கோ ரீச்சர்,” என்றார் தபால் அதிபர். கிண்டலாகத்தான் சொன்னார்.

எழுதினேன். அங்கேயே நின்று முகவரியை வெட்டி லண்டன் என்று போட்டேன். ஏழாம் பக்கம் சேர்த்தேன்: ‘நீங்கள் அங்கே இருப்பீர்கள் என்று நம்பினோம். நீங்கள் இல்லாத இடத்தை ஆள்வதென்றால், அங்கே இருப்பவனுக்கு ஒரு தொலைபேசியாவது கொடுங்கள்.’ ஸ்ரெல்லா அதன் கீழே இன்னொரு தடவை கையெழுத்து வைத்தார், முதல் தடவையைவிடப் பெரிதாக.

இரண்டு மாதத்தில் இரண்டு வரிப் பதில் வந்தது: கடிதம் கிடைத்தது. அதற்கு மூன்று கிழமைக்குப் பிறகு தம்பி தாயுடன் பேசினார். கடிதத்தால்தானா என்று தபால் அதிபர் இன்றும் சந்தேகப்படுகிறார். ஸ்ரெல்லா சந்தேகப்படவில்லை; ஒரு பை நிறையப் பாரை மீன் கொண்டுவந்து தந்தார். நானும் சந்தேகப்படுவதாக இல்லை.

இப்போதும் என் கணவர் சாய்மனைக் கதிரையில் கிடந்தபடி, “உப்புக் காணாது, இன்னும் கொஞ்சம் போடும்,” என்று குசினிக்குக் கட்டளை போட்டால், மகள் கத்துவாள்: “அம்மா, ஆணையாளர் லண்டனிலை இருந்து கதைக்கிறார்!”

மனிசன் எழும்பி வந்து அகப்பையைப் பிடித்தே ஆகவேண்டும். எங்கள் வீட்டுச் சட்டம் அது.