மேடான் டிவியில் ஒரு பழைய படம்

"ஞாயித்துக்கிழமை நாலு மணிக்கு டிவியில 'பவளக்கோட்டை மருமகள்' போடுறாங்க" என்று பரமநாதன் சொன்னது முழுப் பொய். சொல்லி முடித்த பிறகுதான் அது அவருக்கே உறைத்தது.

சொன்ன இடம் அவர் வீட்டு வாசல். கேட்டவர் பக்கத்து வீட்டு சவுந்தரம். பாசாருக்குப் போய்விட்டுக் கூடையோடு திரும்பிய சவுந்தரம், வழக்கம்போல நின்று டிவிக்காரனைத் திட்டிக்கொண்டிருந்தார்.

"வாரத்துக்கு ஒரு தமிழ்ப் படம் போடுறான். அதுலயும் ஒருத்தன ஒருத்தன் அடிச்சிக்கிறான். நல்ல பழைய படம் ஒண்ணு போட்டா என்னவாம்? 'பவளக்கோட்டை மருமகள்' பாத்து எத்தன வருசமாச்சு! கோட்டைக் கதவச் சாத்துற எடத்துல நான் அழுத அழுகைக்கு எங்க வீட்டுக்காரரு பயந்துபோயி சோடா வாங்கிட்டு வந்தாரு."

இந்தப் புலம்பல் முடிந்ததும் அவர் வீட்டுக்குள் போய்விடுவார். அன்றைக்கும் ஒரு கால் உள்ளே போய்விட்டது. காலையிலிருந்து பரமநாதனோடு பேசிய முதல் ஆள் அவர்தான். இன்னும் கொஞ்ச நேரம் நிறுத்திவைக்கலாமே என்ற ஆசையில் வாய் முந்திக்கொண்டது. பொய் வந்துவிட்டது.

"நெசமாவா அண்ணே?" கூடை தரைக்கு இறங்கியது. "அப்ப ஞாயித்துக்கிழமை எங்க வீட்டுல ஒருத்தரும் டிவியத் தொடக்கூடாது. கால நீட்டி உக்காந்து பாக்கப் போறேன்."

பரமநாதனுக்கு முகம் விழுந்துவிட்டது. அவர் வீட்டில் அல்லவா வந்து பார்க்க வேண்டும்!

ஒரு காலத்தில் அப்படித்தான் நடந்தது. பினாங்குத் துறைமுக அலுவலகத்தில் கணக்கெழுதும் கிராணியாக இருந்தபோது, அந்த வரிசை வீடுகளிலேயே முதலில் டிவி வாங்கியவர் அவர். படம் போடும் நாளில் வாசலில் செருப்புகளைத் தாண்டித்தான் உள்ளே வர வேண்டும். மனைவி அருந்ததி கோப்பித் தட்டை ஏந்திக்கொண்டு, உட்கார்ந்திருப்பவர்களின் காலை மிதிக்காமல் நடக்கப் படாத பாடு படுவார். பிறகு வீட்டுக்கு வீடு டிவி வந்தது. ஓய்வு வந்தது. அருந்ததி போய்ச் சேர்ந்தார். கோலாலம்பூரில் இருக்கும் மகள் போன தீபாவளிக்கு வந்தபோது ஒரு வீடியோ ரெக்கார்டரைக் கொண்டுவந்து வைத்து, "நாங்க வராட்டியும் உங்களுக்குப் பொழுது போகும்ப்பா" என்றாள். தனியாக உட்கார்ந்து பார்க்கவா என்று அந்தப் பெட்டியைப் பிரிக்காமலே கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டார். அப்படி ஒன்று இருப்பதை யாரிடமும் சொல்லவும் இல்லை.

'பவளக்கோட்டை மருமகள்' டேப்பை மார்க்கெட் ஸ்திரீட்டில், சீனி முகம்மது வீடியோ கடையில், அவர் கண்ணாலேயே பார்த்திருக்கிறார். எடுத்து வந்து எல்லாரையும் கூப்பிடலாம்தான். ஒரு முறை சவுந்தரத்திடம் பேச்சுவாக்கில் கேட்டும் பார்த்தார். "டேப்பா? அது எப்ப வேணாலும் பாக்கலாம்லா" என்றார் சவுந்தரம். எப்போது வேண்டுமானாலும் பார்க்கலாம் என்றால் யாரும் எப்போதும் வரமாட்டார்கள் என்று பரமநாதனுக்குப் புரிந்தது. டிவி படம் அப்படி அல்ல. அது நாலு மணிக்கு என்றால் நாலு மணிக்குத்தான்.

"உங்க வீட்டுல வராது சவுந்தரம்" என்றார் இப்போது.

"ஏன் வராது?"

"இது... மேடான் டிவி. சுமத்ராவுலேருந்து வருது. அங்கயும் நம்ம ஆளுங்க இருக்காங்கல்ல, அவங்களுக்காகப் போடுறான். சாதாரண ஏரியல்ல எடுக்காது. எங்க வீட்டு ஏரியல் உயரம் பாருங்க, அதுக்கு மட்டுந்தான் கெடைக்கும். நீங்க எல்லாரும் இங்க வந்துடுங்க."

பிரச்சினை தீர்ந்தது என்று நிம்மதியாகப் போய் ஒரு கோப்பி கலக்கிக் குடித்தார்.

சாயங்காலம் சவுந்தரத்தின் கணவர் ஹென்றி வந்து நின்றார். ஹென்றி புக்கிட் தெங்காவில் ஒரு ஃபேக்டரியில் வயரிங் பார்ப்பவர்.

"அண்ணே, மேடான் அந்தப் பக்கம். நாம இந்தப் பக்கம். நடுவுல கொடிமலை நிக்குதே. அல எப்படி வரும்?"

"மலையில ஏறி வரும்."

"ஏறி?"

"ஏறி, எறங்கி வரும். அதுக்குத்தான் உயரம் வேணுங்கிறது."

ஹென்றி தாடையைச் சொறிந்தார். "அப்ப எங்க ஏரியலையும் அந்தப் பக்கம் திருப்பிப் பாக்குறேன்" என்று கூரையில் ஏறிவிட்டார்.

ஹென்றி கூரையில் நிற்பதைப் பார்த்து எதிர்வரிசைக்காரர்கள் ஏறினார்கள். அதைப் பார்த்து மற்றவர்கள். இருட்டுவதற்குள், கெடாவில் ஒளிபரப்புக் கோபுரம் நிற்கும் ஜெராய் மலையைப் பார்த்து ஒழுங்காக நின்றிருந்த ஏரியல்கள் எல்லாம் கொடிமலைப் பக்கம் திரும்பிவிட்டன. மேடான் வரவில்லை. உள்ளூர் நிலையமும் போய்விட்டது. அன்றைக்கு முக்கியமான பந்து விளையாட்டு வேறு. வீட்டுக்கு வீடு ஆண்கள் டிவி மண்டையில் தட்டும் சத்தம் தெரு முழுக்கக் கேட்டது.

எதிர்வீட்டு ஞானாம்பிகை கைத்தடியோடு தெருவைக் கடந்து வந்தார். பள்ளிக்கூடத்தை விட்டு ஓய்வு பெற்றாலும் குரல் ஓய்வு பெறவில்லை.

"பரமநாதன்! நியூஸ் வாசிக்கிற பொண்ணு மூஞ்சியில கோதுமை மாவக் கொட்டின மாதிரி இருக்கு. எல்லாம் உம்மால கெட்டு ரோஸாக் ஆயிடுச்சு. என்னய்யா பண்ணி வச்சிருக்கீர்?"

"ஆலாமாக், நான் எங்கக்கா திருப்பச் சொன்னேன்? எல்லாரையும் பழையபடி வச்சிக்கச் சொல்லுங்க. வெறும் ஏரியல் போதாது. பூஸ்டர் வேணும்."

"அது என்னது?"

"பூஸ்டர்க்கா. ஒரு பெட்டி. டிவி பக்கத்துல வைக்கணும். எங்கிட்ட இருக்கு."

ஒரு பொய்யை இன்னொரு பொய்யால் மூடினால் போதும் என்று நினைத்தவருக்கு, இப்போது மூடுவதற்கு ஒரு பெட்டியும் வேண்டியதாகிவிட்டது.

வெள்ளிக்கிழமை டேப்பைச் செய்தித்தாளில் சுற்றி, மீன் வாங்கி வருகிறவர் மாதிரி வீட்டுக்குக் கொண்டுவந்தார். கட்டிலுக்கு அடியிலிருந்து ரெக்கார்டரை இழுத்து, கதவு ஜன்னல் எல்லாம் சாத்திவிட்டு, எந்த வயரை எதில் செருகுவது என்று தெரியாமல் மதியம் முழுதும் போராடினார். படம் வருவதற்கும், வெளியே பெருங்காற்றோடு மழை பிடித்துக்கொள்வதற்கும் சரியாக இருந்தது. பின்பக்கம் தடாலென்று ஒரு சத்தம். பின்சந்தில் குடியிருக்கும் ஹபீபா பீவியின் கோழிக்கூட்டுத் தகரம் மறுபடியும் பறந்துவிட்டது போல என்று நினைத்துக்கொண்டார்.

கொஞ்ச நேரத்தில் ஹபீபா பீவியே கொல்லைக் கதவைத் தட்டினார். "அண்ணே! பரமநாதண்ணே!"

பரமநாதன் மடியில் ரெக்கார்டர். கழுத்தில் வயர். கதவை எப்படித் திறப்பார்?

"கை வேலையா இருக்கேன் ஹபீபா! ஞாயித்துக்கிழமை படம் கட்டாயம் உண்டு! நாலு மணிக்கு வந்துடுங்க!"

மழைச் சத்தத்துக்கு நடுவே, "சரிண்ணே" என்று பதில் வந்தது.

அதற்குப் பிறகு அவர் டிவியின் பொத்தான் எதையும் தொடவில்லை. தொட்டால் வந்த படமும் போய்விடுமோ என்று பயம். சனிக்கிழமை பூராவும் அணைத்து வைத்த டிவியின் முன்னால் உட்கார்ந்து, யார் யார் எங்கே உட்காருவார்கள் என்று நாற்காலிகளை மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்தார். யாரும் வராமல் போனால் என்ன செய்வது என்ற எண்ணம் வந்தபோதெல்லாம் எழுந்து போய்க் கோப்பித் தூளை முகர்ந்து பார்த்துவிட்டு வந்தார்.

வந்தார்கள்.

ஞாயிற்றுக்கிழமை நாலு மணிக்கு முன்பே வாசலில் செருப்பு சேரத் தொடங்கியது. சவுந்தரம் இரண்டு கைக்குட்டையோடு வந்தார். ஞானாம்பிகை தன் நாற்காலியோடு வந்தார். அதைத் தூக்கி வந்தவர் ஹென்றி. எதிர்வரிசைக்காரர்கள் பிள்ளைகுட்டிகளோடு தரையில் உட்கார்ந்தார்கள். ஹபீபா பீவி ஒரு தட்டு நிறைய வடையோடு கொல்லைப்பக்கமாக வந்தார். பரமநாதன் கோப்பித் தட்டை ஏந்திக்கொண்டு, யார் காலையும் மிதிக்காமல் நடக்கப் படாத பாடு பட்டார். அவருக்கு அழுகை வரும்போல இருந்தது. படம் இன்னும் தொடங்கவே இல்லை.

"அண்ணே, அந்த ஏரியல ஒரு தடவ பாத்துட்டு வரேன்" என்று ஹென்றி எழுந்து பின்பக்கம் போனார்.

பரமநாதனின் தட்டில் கோப்பி சிந்தியது.

ஹென்றி திரும்பி வந்தார். முகத்தைத் துடைத்துக்கொண்டார். "ரொம்ப உயரந்தான் அண்ணே" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார்.

டிவிக்குப் பக்கத்தில் அருந்ததி பின்னிய மேசைவிரிப்பைப் போர்த்திக்கொண்டு 'பூஸ்டர்' இருந்தது. பரமநாதன் அதற்கு அருகில் உட்கார்ந்து, விரிப்புக்குள் கையை விட்டுப் பொத்தானை அமுக்கினார். கறுப்பு வெள்ளையில் பவளக்கோட்டை எழுந்தது. எல்லாரும் "ஆ" என்றார்கள்.

"ஏன் அண்ணே கைய உள்ளயே வச்சிருக்கீங்க?" என்றார் சவுந்தரம்.

"சூட்டப் பாக்கணும்ல. பூஸ்டர் சூடாயிட்டா ஆபத்து."

மாமியார் மருமகளை முதல் தடவையாக முறைத்த நேரத்தில், திரையின் அடியில் எழுத்துகள் ஊர்ந்து வந்தன. 'சீனி முகம்மது வீடியோ, மார்க்கெட் ஸ்திரீட், பினாங்கு.' பரமநாதன் பாய்ந்து எழுந்து டிவிக்கு முன்னால் குனிந்து நின்றார். ஆனால் அவர் ஒல்லி. எழுத்து இரண்டு பக்கமும் தெரிந்தது.

"மேடான்ல கூட சீனி முகம்மது கடையா?" என்றார் ஞானாம்பிகை.

"வெளம்பரம்க்கா. வியாபாரம் பெருத்துடுச்சு. கடல் தாண்டிக் குடுக்குறாரு."

"நல்ல மனுசன். முன்னுக்கு வரட்டும்" என்றார் ஞானாம்பிகை.

பிறகு கோடு கோடாக ஓடியது. "மேடான்ல மழை" என்றார் பரமநாதன். எல்லாரும் தலையாட்டினார்கள். "அங்கயும் விடாத மழைதான் போல" என்று ஹென்றி கவலைப்பட்டார்.

கோட்டைக் கதவு சாத்தும் கட்டம் நெருங்கியது. சவுந்தரம் கைக்குட்டையைப் பிரித்தார். அந்த நேரம் பார்த்து ஞானாம்பிகை கைத்தடியை ஊன்றி எழுந்தார்.

"நான் பின்பக்கம் போயிட்டு வரணும். முட்டி வலியோட போய் வர்றதுக்குள்ள கதவச் சாத்திடுவான். கொஞ்சம் நிறுத்தி வையுமய்யா."

எல்லாரும் விரிப்புக்குள் இருந்த கையைப் பார்த்தார்கள். பரமநாதனுக்கு வியர்த்தது. "மேடான்காரன் நமக்காக நிறுத்துவானாக்கா?"

"நிறுத்த மாட்டானா?" ஞானாம்பிகையின் முகம் சின்னப் பிள்ளையின் முகம் மாதிரி வாடிப்போனது. இந்த ஒரு கட்டத்துக்காகவே தெருவைக் கடந்து வந்த மனுஷி. விரிப்புக்குள் இருந்த கை தன்னால் நகர்ந்தது. திரையில் மருமகள் கையைத் தூக்கியபடி அப்படியே நடுங்கிக்கொண்டு நின்றாள்.

"அடடா" என்றார் பரமநாதன், கூரையைப் பார்த்தபடி. "அங்க கரண்ட் போயிடுச்சு."

"மேடான்ல அடிக்கடி போகும்" என்று ஹென்றி உறுதியாகச் சொன்னார்.

ஞானாம்பிகை நிதானமாகப் போய், நிதானமாக வந்து, முட்டியை நீவிவிட்டு உட்கார்ந்த பிறகு மேடானில் கரண்ட் வந்தது. கோட்டைக் கதவைச் சாத்தினார்கள். வீடே அழுதது. ஆண்கள் தும்முவது போல நடித்தார்கள். பரமநாதனும் அழுதார். அவர் மருமகளைப் பார்த்து அழவில்லை. திரும்பி, அழுகிறவர்கள் எல்லாரையும் பார்த்து அழுதார். இவர்கள் நடுவில் அருந்ததி இல்லையே என்று அழுதார்.

படம் முடிந்தது. "படம்னா படம்" என்று சொல்லிக்கொண்டே எழுந்தார்கள். "சிக்னல் ரொம்ப கிளியர் அண்ணே" என்று ஹென்றி தோளைத் தட்டினார். சவுந்தரம் மூக்கை உறிஞ்சிக்கொண்டு போனார். வாசலில் செருப்புகள் ஒவ்வொரு ஜோடியாகக் குறைந்தன. கடைசியில் அவருடைய ஜோடி மட்டும் மிஞ்சியது.

பரமநாதன் நாற்காலியில் உட்கார்ந்தார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை இந்த வீடு பழையபடி ஆகிவிடும். மேடானை நம்பி ஒரு தடவை வருவார்கள், வாராவாரமா வருவார்கள்? இத்தனை நல்ல மனிதர்களை இப்படி ஏமாற்றிவிட்டோமே என்ற நினைப்பும் சேர்ந்துகொண்டது.

ஹபீபா பீவி மட்டும் இன்னும் போகவில்லை. தரையில் கிடந்த கோப்பிக் கோப்பைகளைப் பொறுக்கித் தட்டில் அடுக்கிக்கொண்டிருந்தார். சாயங்காலம் முழுக்க ஒரு வார்த்தை பேசாத மனுஷி. இவரிடமாவது உண்மையைச் சொல்லிவிடலாம் என்று தோன்றியது.

"ஹபீபா, ஒரு விஷயம் சொல்லணும். நான் உங்க எல்லாருக்கும் ஒரு தப்பு..."

"அது கெடக்கட்டும்ணே" என்று ஹபீபா பீவி கோப்பைகளைத் தூக்கிக்கொண்டு கொல்லைப்பக்கம் நடந்தார். கொல்லைப் படியில் நின்று திரும்பினார்.

"வெள்ளிக்கிழமை காத்துல உங்க ஏரியல் ஒடிஞ்சு எங்க கொல்லையில விழுந்துச்சு, நீங்க பாத்தா மனசு ஒடிஞ்சு போயிடுவீங்கன்னு நாங்க எல்லாருமா சேந்து கோழிக்கூட்டுக்குப் பின்னால ஒளிச்சு வச்சிருக்கோம். அடுத்த வாரம் மேடான்ல என்ன படம்ணே?"