பியானோவுக்குப் பல் வேண்டாம் என்று சொன்ன மைத்துனருக்கு

மதிப்பிற்குரிய மைத்துனரும், நம் குடும்பத்தில் முதன்முதலாகப் பெயருக்கு முன்னால் டாக்டர் என்று போட்டுக்கொண்டவருமான தங்களுக்கு, தங்கள் அக்காவின் கணவன் எழுதிக்கொள்வது.

இங்கு அனைவரும் நலம். அனைவரும் என்றால் நானும் உங்கள் அக்காவும்தான். என்னைப் பொறுத்தவரை நலம் என்பது மேல் உதட்டுக்கு மேலேயும் கீழ் உதட்டுக்குக் கீழேயும் உள்ள பகுதிகளை மட்டும் குறிக்கும். அங்கு தாங்களும், தங்கள் மனைவி மக்களும், தங்களை நம்பி நாற்காலியில் சாய்ந்து வாயைத் திறக்கிற அத்தனை பேரும் நலமாக இருக்க வேண்டுகிறேன். போனில் பேசியிருக்கலாமே என்று நினைப்பீர்கள். சென்ற வாரம் போனில் 'பல் செட் எப்போது தயாராகும்' என்று கேட்டேன். நீங்கள் 'நானும் நல்லா இருக்கேன் அத்தான்' என்று பதில் சொல்லி வைத்துவிட்டீர்கள். ஆகவேதான் கடிதம்.

விஷயத்துக்கு வருகிறேன். என் மேல்வரிசை முன்பற்கள் நான்கையும் தாங்கள் பிடுங்கிய அன்று நான் பஞ்சைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஈறு ஆறி இறுகிய பிறகுதான் பல் கட்ட முடியும், அதற்குச் சில மாதம் ஆகும் என்றீர்கள். அதுவரை கிளாரினெட் என்ன ஆவது என்று கையால் ஊதுவதுபோல் காட்டிக் கேட்டேன். கிளாரினெட்டின் வாய்க்கட்டை, அதாவது வாயில் வைத்து ஊதுகிற முனை, மேல் முன்பல்லில்தான் உட்கார வேண்டும். பல் இல்லையென்றால் அது நாற்காலி இல்லாத விருந்தாளி மாதிரி வாய்க்குள் அலையும். தாங்கள் கையுறையைக் கழற்றிக்கொண்டே, "அதுக்கென்ன அத்தான், வாய் தேவைப்படாத வாத்தியமா ஒண்ணு கத்துக்கோங்க. பியானோவுக்குப் பல்லே வேண்டாமே. தட்டினா சத்தம் வருது" என்றீர்கள். அந்த ஒரு வாக்கியத்தால் இந்த மூன்று மாதத்தில் என் குடும்பத்தில் நடந்திருப்பவற்றைத் தாங்கள் அறிய வேண்டும்.

ஊருக்குத் திரும்பியதும் நான் கிளாரினெட் ஊதுகிற ஓட்டலுக்குப் போய் எங்கள் வாத்தியக் குழு மாஸ்டரிடம் வாயைத் திறந்து காட்டினேன். அவர் வயலினைக் கீழே வைத்துவிட்டு ரொம்ப நேரம் உள்ளே பார்த்தார். இவ்வளவு வருஷம் அந்தச் சாப்பாட்டுக் கூடத்து மேடையில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தவர்கள் நாங்கள். "ஊதாத ஆளை எப்படி வெச்சுக்கறது, நீங்களே சொல்லுங்க" என்றார். அப்புறம் அவரே, பியானோக்காரர் கப்பலில் வேலை கிடைத்துப் போய்விட்டார், அந்த இடம் காலி, ஓட்டல் முதலாளி ஆள் கேட்டுக்கொண்டே இருக்கிறார், நாலு சுலபமான பாட்டு வாசிக்கிற அளவுக்குத் தேறினால் போதும், அதுவரை எதையாவது சொல்லிச் சமாளிக்கிறேன் என்றார். எனக்குத் தாங்கள் சொன்னது ஞாபகம் வந்தது. தலையாட்டிவிட்டேன். மேடையில் அந்தப் பியானோ மூடியைத் திறந்துகொண்டு, முழு வரிசைப் பல்லோடு என்னைப் பார்த்து இளித்துக்கொண்டிருந்தது. அப்போதே சுதாரித்திருக்க வேண்டும்.

லாண்டரிக் கடைக்கு மேல்மாடியில் ஒரு பியானோ டீச்சர் இருக்கிறாள். மகள் வயசுதான் இருக்கும். பல்லில்லாத வாயால் நான் சொல்வது அவளுக்கு ஒரு எழுத்தும் விளங்கவில்லை. ஆகவே முதல் வகுப்பிலிருந்தே உங்கள் அக்கா கூட வந்தாள். இதைத் தாங்கள் கவனிக்க வேண்டும். அவள் பியானோ கற்க வரவில்லை. எனக்கு மொழிபெயர்ப்பாளராக வந்தாள். நான் 'புஸ்' என்பேன், 'விரல் வலிக்குதாம்' என்பாள். 'ஃபூ' என்பேன், 'இந்த இடத்தை இன்னொரு தடவை காட்டுங்கன்னு கேக்கறார்' என்பாள். நான் கேட்காததையெல்லாம்கூட சில சமயம் கேட்டாள், அது வேறு விஷயம்.

பியானோவின் குணத்தைப் பற்றி ஒரு வார்த்தை. மற்ற வாத்தியங்கள் முதல் நாளே முகத்தில் அடிக்கும். நான் கிளாரினெட்டில் முதல் முதலில் ஊதியபோது வாத்துக் கத்துகிற மாதிரி ஒரு சத்தம் வந்து, எங்க அப்பா குளியலறையிலிருந்து ஓடி வந்தார். வயலின்காரன் முதல் வருஷம் வீட்டாரை வீட்டைவிட்டுத் துரத்துவான். ஆனால் அவை நேர்மையான வாத்தியங்கள். கஷ்டத்தை முதலிலேயே கொடுத்துவிடும், அப்புறம் மெல்ல மெல்ல நம்ம பக்கம் வரும். பியானோ அப்படியில்லை. முதல் நாள் ஒரு விரலால் தொட்டேன், எத்தனை அழகான சத்தம். மகாராஜா மாதிரி உபசரித்து உட்கார வைத்தது. ரெண்டாவது வாரம் கழுத்தை அறுக்க ஆரம்பிச்சது. கிளாரினெட்டில் ரெண்டு கையும் ஒரே குழாயில், ஒரே வேலையில், புருஷன் பெண்டாட்டி மாதிரி ஒத்துமையா இருக்கும். இங்கே வலது கை பாட்டு பாடணும், இடது கை அதைக் கண்டுக்காம வேற தாளத்துல நடக்கணும், கண்ணு பாட்டுத் தாள்ல ரெண்டு வரிசைக் கோட்டை ஒரே சமயத்துல படிக்கணும். அதுல கீழ் வரிசையை நான் என் ஆயுசுல படிச்சதே இல்லை, கிளாரினெட்காரனுக்கு அது பக்கத்து வீடு. இது போதாதென்று காலுக்குப் பெடல். கையும் ஓடலை காலும் ஓடலை என்று சும்மா சொல்லுவோமே, அதை நான் அந்த மாடியில உட்கார்ந்து நிஜமாவே அனுபவிச்சேன். எல்லாத்தையும்விடப் பெரிய கொடுமை, ஒரு கட்டையைத் தட்டிட்டா அத்தோட சரி. கிளாரினெட்ல ஒரு ஸ்வரத்தை ஊதினா அதை வளர்க்கலாம், இளைக்க வைக்கலாம், ஓரத்துல கொஞ்சம் வளைச்சுக் கண்ணீர் வரவழைக்கலாம், மூச்சு இருக்கிறவரைக்கும் அது நம்ம பிள்ளை. பியானோவுல தட்டின நிமிஷமே அது செத்துக்கிட்டே போகும், நாம பார்த்துக்கிட்டே இருக்கணும். பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்தேன் என்று எழுத ஆசைதான், அதற்கும் வழியில்லை.

வீட்டில் பியானோ ஏது. உங்கள் அக்கா பழுப்புக் காகிதத்தைச் சாப்பாட்டு மேஜை நீளத்துக்கு ஒட்டி, அதில் கறுப்புக் கட்டை வெள்ளைக் கட்டையெல்லாம் அளந்து வரைந்து கொடுத்தாள். அதில் சத்தமில்லாமல் பழகுவேன். ஒரு நாள் மத்தியானம் தூங்கி எழுந்து வந்து பார்த்தால், காகிதத்துக்கு முன்னால் அவள் உட்கார்ந்திருக்கிறாள். பத்து விரலும் போய்க்கொண்டிருக்கிறது. பாட்டுத் தாளைத்தான் பார்க்கிறாள், கையைப் பார்க்கவே இல்லை. தலையை ஒரு பக்கம் சாய்த்து, இல்லாத சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தாள். எனக்கு அந்தக் காகிதத்திலிருந்து எதுவும் கேட்டதே இல்லை, மாப்பிள்ளை. நான் கதவோரமாகவே நின்றுவிட்டுத் திரும்பிப் போய்ப் படுத்துக்கொண்டேன். வக்கீல் ஆபீசில் முப்பது வருஷம் டைப் அடித்தவள் என்பது தங்களுக்குத் தெரியும். ஒரு வக்கீல் சொல்ல, இன்னொரு வக்கீல் திட்ட, பக்கத்தில் கட்சிக்காரன் அழ, தாளைவிட்டுக் கண்ணை எடுக்காமல் அடித்தவள். சுண்டு விரலுக்கே அவளிடம் என் கட்டை விரலின் பலம். வகுப்பில் எனக்குக் கை வலித்து எழுந்தால், பாக்கி நேரம் வீணாகக் கூடாதென்று டீச்சர் அவளை உட்கார வைப்பாள். அவளிடம் ஒரே ஒரு குறைதான். ஒவ்வொரு வரி முடிவிலும் இடது கை தானாக எழும்பி, டைப்ரைட்டர் உருளையைத் தள்ளுகிற மாதிரி காற்றைத் தள்ளும்.

மாஸ்டர் என்னை ஒத்திகைக்குக் கூப்பிட்ட நாள் வந்தது. காலையில் சாப்பாட்டுக் கூடத்தில் மேஜைத் துணி விரித்துக்கொண்டிருந்தார்கள். உங்கள் அக்காவும் மொழிபெயர்க்க வந்திருந்தாள். பியானோத் தாளின் ரெண்டு வரிசையைப் பார்த்ததும் ஒரு குறுக்கு வழி கண்டுபிடித்தேன். இடது கைக்குப் பல கட்டையைச் சேர்த்து அமுக்குகிற பிடி மூணு மனப்பாடம், அது போதும், வலது கைக்கு என் பழைய கிளாரினெட் தாளையே மேலே செருகிக்கொண்டேன். அதில்தானே எனக்குப் பழக்கம். அங்கேதான் புத்தி மழுங்கிப் போச்சு. கிளாரினெட்ல தாளில் இருக்கிறபடி ஊதினா வெளியே ஒரு படி கீழேதான் கேக்கும், அதனால தாளையே ஒரு படி ஏத்தித்தான் எழுதுவாங்க. இது இத்தனை வருஷமா சோறு போட்ட விஷயம், எனக்குத் தெரியாதா. ஆனா பியானோ எழுதினதை எழுதினபடியே சொல்லிடும். மாஸ்டர் வில்லைத் தூக்கினார், தொடங்கினோம். வயலினும் டிரம்மும் என் இடது கையும் ஒரு தளத்துல, என் வலது கை மட்டும் ஒரு படி மேல ஏறி நின்னுக்கிட்டு இறங்கமாட்டேங்குது. மேஜைத் துணி விரிச்சவங்க நிமிர்ந்து பார்த்தாங்க. நான் இன்னும் பலமாகத் தட்டினேன், பலமாகத் தட்டினா சரியாகும்னு ஒரு நம்பிக்கை. மாஸ்டர் நிறுத்தச் சொன்னார். நான் விளக்கம் கொடுத்தேன். வெறும் காற்று.

"என்ன சொல்றார்?" என்றார் மாஸ்டர்.

"கிளாரினெட் தாளை வெச்சு வாசிச்சுட்டாராம். மன்னிக்கணும்கறார்" என்றாள் உங்கள் அக்கா. மன்னிக்கச் சொல்லி நான் கேட்கவில்லை. "அந்தத் தாளை எடுத்துட்டா சரியாப் போயிடும்."

"உங்களுக்கு எப்படிம்மா தெரியும்?"

அவள் என்னைப் பார்த்தாள். நான் எழுந்து இடம் கொடுத்தேன். பின்னே என்ன செய்வது. உட்கார்ந்து கிளாரினெட் தாளை எடுத்துக் கீழே வைத்துவிட்டு, முதலிலிருந்து கடைசிவரை ரெண்டு கையாலும் வாசித்தாள். முதல் வரி முடிந்ததும் இடது கை எழும்பித் தாளைத் தள்ள, அது பறந்துபோய் டிரம்காரர் மடியில் விழுந்தது. அவர் சிரித்தார். அவள் மனப்பாடமாக மேலே வாசித்துக்கொண்டு போனாள். முடிந்ததும் மாஸ்டர் சிரிக்கவில்லை. "இன்னொரு தடவை வாசிங்கம்மா, கையை மட்டும் தூக்காம" என்றார்.

அன்றைக்கே அந்த வேலையை அவளுக்குச் சொல்லிவிட்டார்கள். வர்ற சனிக்கிழமை சாயங்காலத்திலிருந்து. பஸ்ஸுக்காக நிற்கும்போது, "போகட்டுமா? நீங்க சொல்லுங்க" என்று கேட்டாள். நான் தெளிவாக, 'வேண்டாம்' என்றேன். "சரிங்கறீங்களா, ரொம்ப சந்தோஷம்" என்றாள். மூன்று மாதமாக என் ஒவ்வொரு சொல்லையும் பிழையில்லாமல் எடுத்துச் சொன்னவளுக்கு அந்த ஒரு சொல் மட்டும் எப்படி விளங்காமல் போனது என்று நானும் யோசித்துக்கொண்டே இருக்கிறேன்.

ஆகவே என் வேண்டுகோள். ஒன்று, தாங்கள் உடனே என் பல் செட்டை முடிக்க வேண்டும். ஈறு இறுகிவிட்டது, விரலால் தட்டிப் பார்த்தேன். முன்பற்கள் கிளாரினெட் வாய்க்கட்டை உட்காரும்படி, அசையாமல், சரியான சரிவில் இருக்க வேண்டும். நான் என் நாற்காலிக்குத் திரும்பினால் இந்தப் பியானோ பேச்சே அடங்கிவிடும். இன்னொன்று, தம்பி என்ற முறையிலும் டாக்டர் என்ற முறையிலும் உங்கள் அக்காவுக்கு ஒரு வார்த்தை சொல்லுங்கள். இந்த வயதில் மணிக்கட்டுக்கு நல்லதில்லை, முதுகுக்கும் ஆகாது என்று சொன்னால் போதும். பியானோ உலகத்து வாத்தியங்களிலேயே கஷ்டமானது, அதைச் சுலபமாக வாசிப்பவர்கள் ஏதோ ஒரு விதத்தில் கெட்டுப்போவார்கள் என்பது என் அபிப்பிராயம். நான் எழுதியதாகக் காட்டிக்கொள்ள வேண்டாம்.

தங்கள் கையில் நடுக்கமும், தங்கள் வாசலில் ஆள் குறைவும் என்றைக்கும் வராமல் இருக்கட்டும். குழந்தைகளுக்கு என் ஆசிகள். மிட்டாயைக் குறைத்துக்கொள்ளச் சொல்லவும்.

இப்படிக்கு,
தங்கள் நலம் விரும்பும் அத்தான்.

பி.கு.: மேலே உள்ளதை வியாழக்கிழமை எழுதினேன். தபாலில் போடச் சட்டைப் பையில் வைத்து மறந்துபோனேன். நேற்று சனிக்கிழமை. என்னையும் வரச் சொல்லி, சாப்பாட்டுக் கூடத்தில் ஒரு மூலை மேஜையில் உட்கார வைத்துவிட்டு அவள் மேடைக்குப் போனாள். இத்தனை வருஷத்தில் நான் அந்தக் கூடத்தின் இந்தப் பக்கம் உட்கார்ந்ததே இல்லை. தட்டு, கரண்டி, பேச்சு, நாற்காலி இழுக்கிற சத்தம், அதற்குள்ளே பியானோ மட்டும் ஒவ்வொரு கட்டையாகத் தெளிவாக வந்துகொண்டிருந்தது. சூப் கொண்டுவந்த சர்வரை எனக்கு ரொம்ப நாளாகத் தெரியும். கிளாரினெட் இல்லாமல் எப்படி இருக்கிறது என்று ஒரு காகிதத்தில் எழுதிக் காட்டிக் கேட்டேன். அவர் யோசித்துவிட்டு, "நீங்க ஊதறதைத் தினமும் பார்த்திருக்கேன் சார். ஆனா இந்தச் சத்தத்துல கேட்டதில்லை" என்றார். கெட்ட மனுஷர் இல்லை, கேட்டதற்குப் பதில் சொன்னார். அப்புறம் சூப் ஆறிப்போய்விட்டது.

திரும்பி வரும்போது உங்கள் அக்கா, "மூணாவது பாட்டு நடுவுல இடது கை ஒரு இடத்துல தப்பிடுச்சு. கவனிச்சீங்களா?" என்று கேட்டாள். கவனிச்சேன் என்றேன். "வேற யாராவது?" இல்லை என்றேன். கொஞ்ச தூரம் நடந்துவிட்டு, "அப்ப நாளைக்கும் வந்து உட்காருங்க" என்றாள். சரி என்றேன். அதை அவள் சரியாகவே புரிந்துகொண்டாள்.

ஆகவே மாப்பிள்ளை, அக்காவிடம் எதுவும் சொல்ல வேண்டாம். பல்லுக்கும் அவசரமில்லை, சரிவு கிரிவு என்று மேலே எழுதியதையெல்லாம் அடித்துவிடுங்கள். அந்த ஓட்டலில் சூப்போடு கொடுக்கிற ரொட்டி கொஞ்சம் கெட்டி. அதைக் கடிக்கிற மாதிரி இருந்தால் போதும்.