ஆகாயத்திலிருந்து போட்ட ‘சரிங்க சார்’

விமானத்தில் இன்டர்நெட் உண்டு என்று விளம்பரம் கொடுக்கிறானே, அவனை ஒரே ஒரு நாள் ராஜபாளையம் பழைய பஸ் ஸ்டாண்டில் உச்சி வெயிலில் நிற்க வைத்து, நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு கேள்வி கேட்க வேண்டும். “ஆகாயத்திலும் உங்களோடு இணைந்திருப்போம்” என்றான். இணைந்துதான் இருந்தான் பாவி. இணைந்திருந்துதான் என் குடியைக் கெடுக்கப் பார்த்தான்.

எனக்கு வீடு ஸ்ரீவில்லிபுத்தூர், வேலை ராஜபாளையம். ஆஸ்பத்திரிகளுக்குப் பேண்டேஜும் புண்ணில் வைத்துக் கட்டுகிற காஸ் துணியும் தயாரிக்கிற கம்பெனியில் ஏற்றுமதிப் பிரிவு என் பொறுப்பு. ஜெர்மனிக்காரன் ஒருவனை மெயிலிலேயே பேசிப் பேசி வழிக்குக் கொண்டுவந்து, கம்பெனிக்கு முதல் வெளிநாட்டு ஆர்டரை வாங்கிக் கொடுத்தவள் நான். அவனை நேரில் பார்த்துப் பேச நானே போகிறேன் என்றபோது முதலாளி தயங்கினார். பக்கத்தில் உட்கார்ந்திருந்த அவருடைய மாப்பிள்ளை கொஞ்சமும் தயங்கவில்லை.

“பொம்பளப் பிள்ளையத் தனியா எதுக்கு மாமா அனுப்பிக்கிட்டு? நான் வேணா போயிட்டு வாரேன்” என்றார். (மனுஷனுக்குக் காஸ் துணிக்கும் கொசுவலைக்கும் வித்தியாசம் தெரியாது. போயிட்டு வாராராம்!)

சண்டை போட்டுத்தான் டிக்கெட் வாங்கினேன். இந்தப் பயணத்தில் நான் சின்னதாகச் சறுக்கினாலும் ஏற்றுமதிப் பிரிவு மாப்பிள்ளை கைக்குப் போய்விடும். இது எனக்கும் தெரியும், மாப்பிள்ளைக்கும் தெரியும், கேட்டில் நிற்கிற வாட்ச்மேனுக்கும் தெரியும். அந்த லட்சணத்தில், நான் பறக்கிற அன்றைக்கே ஜெர்மனி சரக்கைக் கன்டெய்னரில் ஏற்ற வேண்டியிருந்தது.

“கவலையே படாதீங்க சார். பிளேன்லயே இன்டர்நெட் இருக்கு. பக்கத்து ரூம்ல இருக்கேன்னு நெனச்சுக்கோங்க” என்று முதலாளியிடம் அளந்துவிட்டுக் கிளம்பினேன். இந்த வாயை வைத்துக்கொண்டு நான் பட்ட பாடு கொஞ்சமா?

எங்கள் முதலாளி டைப் அடிக்க மாட்டார். எல்லாமே வாய்ஸ் மெசேஜ்தான். காலையில் பல் தேய்க்கும்போது தொடங்கினால் படுக்கப் போகும்வரை மைக்கும் கையுமாகத்தான் இருப்பார். அதை நாங்கள் ஒருத்தரும் கேட்பதில்லை. வந்த நிமிடமே “சரிங்க சார்” என்று போட்டுவிட வேண்டும், அதுதான் மரியாதை. சாயங்காலம் ஒரு சுற்று வந்து அம்புட்டையும் நேரில் மறுபடி சொல்லுவார், அப்போது கேட்டுக்கொள்ளலாம். கம்பெனி இப்படித்தான் ஓடுகிறது, நன்றாகவே ஓடுகிறது.

வளைகுடாவில் விமானம் மாறினேன். காலை நேரம். உட்கார்ந்ததும் முதல் வேலையாக இன்டர்நெட்டைத் திறந்தேன். ஓசியில் வேண்டுமென்றால் எழுத்து மெசேஜ் மட்டும் போகும், வரும். குரல், படம் எல்லாம் வேண்டுமென்றால் காசு கட்ட வேண்டும். தொலையட்டும் என்று கார்டு நம்பரை அடித்தேன். “உங்கள் செல்போனுக்கு ஓ.டி.பி. அனுப்பியிருக்கிறோம். அதை இங்கே பதிவிடவும்” என்று வந்தது.

எந்தச் செல்போனுக்குடா? விமானம் கிளம்புமுன் சிக்னலை அணைக்கச் சொல்லி அதட்டினீர்களே, அந்தச் செல்போனுக்கா? மேகத்துக்கு மேலே உங்கள் தாத்தா டவர் நட்டு வைத்திருக்கிறாரா? மெசேஜ் வந்தால்தான் இன்டர்நெட், இன்டர்நெட் இருக்கிற இடத்திலோ மெசேஜ் வராது. இதை யோசித்துக் கண்டுபிடித்தவன் சம்பளம் வேறு வாங்கியிருப்பான். பணிப்பெண்ணைக் கூப்பிட்டு நியாயம் கேட்டேன். பல் தெரியச் சிரித்துவிட்டு ஆரஞ்சு ஜூஸ் கொடுத்தாள். மறுபடியும் கூப்பிட்டேன். மறுபடியும் ஜூஸ். வயிறு நிறைந்ததே தவிர நெட் வரவில்லை.

பக்கத்து ஸீட்டில் ஒரு சிவகாசிக்காரர், காலண்டர் அச்சடிப்பவர். வெளிநாட்டில் இருக்கும் மகன் அவருக்காக முன்கூட்டியே காசு கட்டி வைத்திருந்தான். அத்தனை வசதியையும் வைத்துக்கொண்டு அந்த மனிதர் என்ன பார்த்தார் தெரியுமா? தன் வீட்டு வாசல் கேமராவை!

“ஏலே, மோட்டார அமத்துலே! தண்ணி ரோட்டுல போகுதுல்லா!” என்று திரையைப் பார்த்துச் சத்தம் போட்டுக்கொண்டிருந்தார். கேட்காது என்று அவருக்கும் தெரியும். எனக்கு வந்த வயிற்றெரிச்சலுக்கு அளவே இல்லை.

அப்போதுதான் முதலாளியின் வாய்ஸ் மெசேஜ்கள் வரத் தொடங்கின. வந்திருப்பது தெரிகிறது. தொட்டால் ஒரு வட்டம் சுற்றுகிறது, சுற்றிக்கொண்டே இருக்கிறது. சிவகாசிக்காரர் எட்டிப் பார்த்தார்.

“யாரும்மா, மொதலாளியா? சும்மா சரின்னு போட்டு விடு. அவிய வேற என்னத்தக் கேக்கப் போறாவ?”

“சரிங்க சார்” போட்டேன். அடுத்தது வந்தது, அதற்கும் “சரிங்க சார்”. அதற்கடுத்ததற்கு, ஒரே மாதிரி இருக்கிறதே என்று “அப்படியே செஞ்சிருங்க சார்”. பிறகு நீளமாக ஒன்று வந்தது, அதற்குக் கும்பிடுகிற கை. கடைசியாகக் குட்டியாய் ஒன்று. நல்ல செய்தியாக இருக்கும் என்று எந்தச் சனியன் என் காதில் ஓதியதோ, “ரொம்ப சந்தோஷம் சார்” என்று போட்டேன். குரல் கேட்கவில்லை, எழுதி அனுப்புங்கள் என்று ஒரு வரி அடித்திருக்கலாம்தான். பக்கத்து ரூமில் இருப்பதாகச் சவடால் விட்டவள் எந்த முகத்தோடு அடிப்பது? சாப்பிட்டுவிட்டு நிம்மதியாகத் தூங்கிவேறு போனேன்.

இறங்கியதும் பாஸ்போர்ட் வரிசையில் நின்றபடி விமான நிலைய நெட்டில் ஒவ்வொன்றாகக் கேட்டேன்.

“ஏம்மா, நீல நூல் வச்ச காஸ் கொஞ்சம் பத்தாம வருது. மிச்சத்துக்குச் சாதா காஸ வச்சு ரொப்பிரலாம்னு மாப்ள சொல்லுதாரு. செய்யலாமா?”

என் பதில்: சரிங்க சார்.

அந்த நீல நூல் அழகுக்கு வைப்பதல்ல. ஆபரேஷனில் துணி உள்ளே தங்கிவிட்டால் எக்ஸ்ரேயில் தெரிவதற்கு வைப்பது. ஜெர்மனிக்காரன் ஆர்டர் கொடுத்ததே அதற்காகத்தான்.

“நல்லா யோசிச்சுச் சொல்லும்மா. வெள்ளக்காரன் திருப்பி அனுப்பிர மாட்டானே?”

சரிங்க சார்.

“என்னம்மா, கேட்டதுக்குப் பதில் சொல்லாம சரிங்க சரிங்கன்னா என்ன அர்த்தம்? லாரிய எடுக்கச் சொல்லிரட்டா?”

அப்படியே செஞ்சிருங்க சார்.

நீளமானது முழுக்க வசவு. வெளிநாட்டு மண்ணை மிதிக்கும் முன்னே எனக்குத் தலைக்கனம் ஏறிவிட்டதாம். அதற்குத்தான் நான் கும்பிடு போட்டிருந்தேன். கடைசிக் குட்டி:

“சரி, இனிமே எக்ஸ்போர்ட்ட மாப்ளயே பாக்கட்டும். ஒனக்குச் சம்மதந்தான?”

ரொம்ப சந்தோஷம் சார்.

வந்ததே ஆத்திரம்! அந்த இடத்திலேயே முதலாளிக்குப் போன் போட்டேன்.

“சார், லாரி எங்க இருக்கு?”

“கழுகுமல தாண்டியிருக்கும். ஏன்?”

“திருப்பச் சொல்லுங்க சார்! அந்தச் சரக்கு தூத்துக்குடி போகக் கூடாது!”

“நீதானம்மா சரின்னு போட்ட?”

“நான் கேக்கவே இல்ல சார்! பிளேன்ல வாய்ஸ் வராது!”

“கேக்காம எப்படிச் சரின்னு போட்ட?”

“எப்பவும் அப்படித்தான் போடுதேன்! எட்டு வருசமா அப்படித்தான் போடுதேன்! ஒங்க வாய்ஸ யாரு சார் கேக்கா? கம்பெனில ஒருத்தரும் கேக்கதில்ல!”

வரிசை முழுக்கத் திரும்பிப் பார்த்தது. கண்ணாடிக்குள் இருந்த அதிகாரி எழுந்தே நின்றுவிட்டார்.

“எட்டு வருசமாவா?” என்றார் முதலாளி. “ஒருத்தருமா?” என்றார். போனை வைத்துவிட்டார்.

ஓட்டல் அறையில் உட்கார்ந்து அழுதேன். துக்கத்தில் ஒரு பங்கு, மீதி அத்தனையும் கோபம். இத்தனை வருட உழைப்பை என் கட்டை விரலாலேயே மாப்பிள்ளைக்குத் தாரை வார்த்துவிட்டேனே என்று அந்த விரலைக் கடித்துக்கூட வைத்தேன். போன் வந்தது. முதலாளிதான்.

“லாரி திரும்பியாச்சு” என்றார். குரல் தொங்கிப் போயிருந்தது. “மாப்ளைக்கும் ஒரு வாய்ஸ் போட்டிருந்தேம்மா. இனிமே எக்ஸ்போர்ட் நீங்கதான், ஒடனே ஆபீசுக்கு வாங்கன்னு. ‘சரிங்க மாமா’ன்னு போட்டிருந்தாரு. ஆளக் காணோம். இப்பப் போன் போட்டா குத்தாலத்துல குளிச்சிட்டிருக்காரு. ‘எந்த எக்ஸ்போர்ட் மாமா?’ங்காரு.”

கடித்த விரலை மெல்லத் துடைத்துக்கொண்டேன்.

“நீயே பாரும்மா” என்று வைத்துவிட்டார்.

பொறுப்பு தப்பித்தது. ஜெர்மனிக்காரனிடம் நானே உண்மையைச் சொல்லி அவகாசம் கேட்டேன், கொடுத்தான். ஆனால் ஊர் திரும்பியபோது கம்பெனியே என்னை எரித்துவிடுவது போலப் பார்த்தது. முதலாளி வாய்ஸ் மெசேஜை விட்டுவிட்டு வீடியோ காலுக்கு மாறியிருந்தார். முகத்துக்கு நேரே சொல்கிறார். சொல்லி முடித்ததும் “என்ன சொன்னேன்? திருப்பிச் சொல்லு” என்கிறார். பேக்கிங் அக்காமாரிலிருந்து லாரி டிரைவர்வரை எல்லாரும் ஒப்பிக்கிறார்கள். ஒப்பித்துவிட்டு என்னைத் திட்டுகிறார்கள்.

இதில் என் வீட்டுக்காரருக்குத்தான் கொண்டாட்டம். போன மாதம் ஸ்ரீவில்லிபுத்தூரில் என் நாத்தனார் மகள் கல்யாணம். சர்ச் நிறைய ஜனம். இன்பத்திலும் துன்பத்திலும் என்று போதகர் ஒவ்வொரு வரியாகச் சொல்ல, கல்யாணப் பெண் தலையைக் குனிந்துகொண்டு திருப்பிச் சொன்னாள். அந்த அமைதியில் இவர் என் பக்கம் சாய்ந்து, மூன்று பெஞ்சுக்குக் கேட்கிற ரகசியத்தில் சொன்னார்:

“கல்யாணத்தன்னைக்கு நீ இதையாவது காதுல வாங்குனியா, இல்ல சும்மா சரின்னு போட்டு விட்டியா?”

எங்கள் சொந்தம் மொத்தமும் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கியது. கல்யாணப் பெண் வரியை மறந்துவிட்டாள். போதகர் புத்தகத்தை மூடிவிட்டு என்னைத்தான் முறைத்தார். சொன்னது இவர், முறைப்பு எனக்கு!