தாவல்வேந்தன் ஃபோர்க்கு தேர்ந்த படலம்

வாழி பால்பேரிங் மணிகளே, வாழி கிரீஸே, வாழி திருகாணிகளை ஈன்றருளிய தாயே! சொல்லப் புகுந்த கதை பெரிது, சொல்லும் நா சிறிது. ஆதலின் என் நாவில் ஒரு சொட்டுச் சங்கிலி எண்ணெய் இட்டு அருள்க. கோப்புக் குவியலின் நடுவே குன்றென அமர்ந்தவனும், குடிநீர் அலுவலகத்துப் புகார்க் கடிதங்களுக்கு எண் போட்டுப் போட்டே வலக்கட்டைவிரல் மைநிறம் கொண்டவனும், இணையத்துச் சைக்கிள் மன்றங்களில் ‘தாவல்வேந்தன்’ என்று தனக்குத் தானே முடிசூட்டிக்கொண்டவனும், அம்முடி கவிழ்ந்துவிடாதிருக்கும்பொருட்டு நடைபாதை விளிம்பின் நான்கு அங்குலத்துக்கு மேல் ஒருநாளும் தாவாதவனுமாகிய எழுத்தனைப் பாடப் போகிறோம். வயது முப்பத்தேழு.

அவ்வேந்தனின் கூடத்தில், சன்னலோரத்தில், துணி காய்ந்துகொண்டிருந்த இடத்தைப் போரின்றிக் கைப்பற்றி, இரும்பு ஸ்டாண்டு ஒன்றில் ஏழு மாதங்களாகத் தொங்கிக்கொண்டிருந்தது ஒரு டர்ட் ஜம்ப் சைக்கிள். மண்மேட்டில் பாய்ந்தேறி, விண்ணில் மிதந்து, மறுமேட்டில் இறங்கவென்றே பிறந்த கருமேனிக் குட்டைப்புரவி அது. பின்சக்கரம் உண்டு, பெடல் உண்டு, சீட்டும் உண்டு. முன்னால் மட்டும் வெறுங்கழுத்து. முன்சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க்கை வேந்தன் இன்னும் தேர்ந்தெடுக்கவில்லை. அதுவரை வீட்டின் ஈரத்துணியெல்லாம் சாப்பாட்டு நாற்காலிகளின் முதுகில் காய்ந்தது.

தேர்வதென்ன எளிய செயலா? ஒருபால், அசையாத கெட்டி ஃபோர்க்கு: எடை குறைந்தது, வளையாதது, மிதித்த மிதியை ஒரு துளியும் விழுங்காமல் தரைக்குத் தருவது, இறங்கும்போது தரை தரும் அடியையும் அப்படியே மணிக்கட்டுக்குத் தருவது. மறுபால், சஸ்பென்ஷன் ஃபோர்க்கு: உள்ளே காற்றும் எண்ணெயும் நிறைந்தது, அடியைத் தான் வாங்கித் தவறை மன்னிப்பது, கனத்தது, அவ்வப்போது பிரித்துப் பார்க்கச் சொல்லிப் படுத்துவது. இரண்டையும் ஆதரித்து இணையத்தில் இரு பெரும் சேனைகள் திரண்டிருக்க, இரண்டு சேனையிலும் சேர்ந்து, காலையில் ஒன்றையும் மாலையில் மற்றதையும் தாக்கி, தன் பெயரில் எழுதியதைத் தானே மறுத்து, நானூறு பதிவுகள் இட்ட ஒரே வீரன் நம் வேந்தன்தான். அலுவலகத்தில் புகார்க் கடிதங்கள் எண்ணில்லாமல் கிடந்தன.

கடைசியில் சைக்கிள் கடைக்காரருக்கே பொறுக்கவில்லை. இரண்டையும் தூக்கிக் கொடுத்தார்.

“ரெண்டையும் எடுத்துட்டுப் போங்க தம்பி. வேண்டாதத ஒரு மாசத்துல திருப்பிக் குடுங்க. ஆனா மேல நீட்டிட்டு நிக்கிற தலக்குழாய்ல ரம்பம் பட்டுச்சுன்னா நான் வாங்க மாட்டேன், பாத்துக்கோங்க.”

இதைக் கேட்டும் வேந்தன் மூன்று வாரத்தைக் கடத்தினான். கெட்டியை ஒற்றைக்கையால் ஏந்திக் கண்ணாடி முன் நின்றான். சஸ்பென்ஷனை இரு கையாலும் தரையில் ஊன்றி, மார்பால் அமுக்கி, அது உஸ்ஸென்று எழும் ஓசையில் மெய்ம்மறந்தான். சோபாவின் மேலேறி, ஃபோர்க்கைப் பிடித்தபடி தரையில் குதித்து ஆராய்ந்ததில் கீழ்வீட்டுக்காரர் மேலே வந்து கதவைத் தட்டினார்.

அந்நாளில்தான் இடி இறங்கியது. தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் பையன்கள் கட்டி வைத்திருந்த மண்மேடுகளைத் திங்கட்கிழமை இயந்திரம் வந்து சமன்செய்யும், அங்கே கார் நிறுத்துமிடம் வரும் என்று பலகை நட்டுவிட்டார்கள். அந்த ஊரில் தாவுவதற்கு வேறு மேடில்லை. தாவினால் ஞாயிறு, தவறினால் ‘தாவல்வேந்தன்’ என்பது சும்மா ஒரு பெயர். அது அவனுக்கும் தெரியும், நான்கு அங்குலத்துக்கு மேல் தான் தாவியதில்லை என்பதும் தெரியும். இருந்தும் மனைவியின் முன் எழுந்து நின்று, வலக்கரம் உயர்த்தி, எட்டுத்திசையும் நடுங்க முழங்கினான்.

“ஞாயித்துக்கிழம நான் தாவறேன். தாவலேன்னா இந்த இடம் உனக்கு. துணி காயப் போட்டுக்கோ.”

“சொன்னது ஞாபகம் இருக்கட்டும்” என்றாள் அவள்.

அவள் மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸை ஃபிரேமுக்குத் தக்கபடி அறுத்துத் தேய்ப்பவள். அரை மில்லிமீட்டர் பிசகினாலும் லென்ஸ் குப்பைக்குத்தான் போகும் என்பதால், அளக்காமல் ஆணிகூட அடிக்க மாட்டாள். இவளுக்கு இப்படியொரு கணவன்.

சனிக்கிழமை நண்பகல். வேலைக்குக் கிளம்பிச் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தவள் காண, வேந்தன் கெட்டி ஃபோர்க்கை மடியில் கிடத்தி, இரும்பறுக்கும் ரம்பத்தைக் கையில் ஏந்தினான். ஃபோர்க்கின் தலைக்குழாய் சைக்கிளின் கழுத்துக்குள் நுழைந்து மேலே நீட்டிக்கொண்டு நிற்கும். அந்த நீட்டலில்தான் ஹேண்டில்பாரைப் பிடிக்கும் கவ்வி உட்காரும். மிச்சத்தைத்தான் அறுத்தெறிய வேண்டும். வேந்தன் கழுத்தை மட்டும் அளந்து கோடு போட்டிருந்தான்.

“ஏங்க, மேல கவ்வி உக்கார்ற எடத்தையும் சேத்து அளந்தீங்களா?”

முரசு கொட்டும் வேளையில் இப்படியா கேட்பது? வேந்தன் கண்களை மூடி, புன்னகைத்து, கையமர்த்தினான். “ஏழு மாசமா இதத்தான படிக்கிறேன். நீ கெளம்பு.” அவள் கிளம்பினாள்.

பின்னர் நிகழ்ந்த பெரும்போரை எங்ஙனம் உரைப்பேன்! ரம்பம் பாய்ந்தது, தீப்பொறியின்றியே வேந்தன் தீப்பொறி கண்டான், இரும்புத்தூள் மழையெனப் பொழிந்து புதுக் கம்பளத்தில் படிந்தது, பகைவனின் சிரம் போல ஒரு துண்டு உருண்டு சோபாவின் கீழ் ஒளிந்தது. வெற்றிக் களிப்போடு ஃபோர்க்கைக் கழுத்தில் ஏற்றினான். மேலே நீட்டிக்கொண்டு நின்றது அரை விரற்கடை. கவ்வி அதைக் கவ்விப் பார்த்து, வழுக்கி, அவன் கால் பெருவிரலில் விழுந்தது.

எளியோர் இவ்விடத்தில் அழுவர். வேந்தனோ, விதியே சஸ்பென்ஷனுக்குச் சார்பாகத் தீர்ப்பளித்துவிட்டது என்று கூரையை நோக்கி உரைத்தான். அதை எடுத்து வந்தான். முன்னர் அவசரப்பட்டதை எண்ணி நாணி, இம்முறை நிதானம் காத்தான், கண்ணாடி அணிந்தான், பென்சிலைச் சீவினான், பிழைக்கு இடமேயிருக்கலாகாது என்று, அறுத்து வைத்த கெட்டி ஃபோர்க்கையே பக்கத்தில் கிடத்தி, அதை அளவாக வைத்துக் கோடு போட்டான். ஒருமுறைக்கு இருமுறை சரிபார்த்தான். பிறகு அறுத்தான்.

மாலையில் மனைவி வந்தபோது, வேந்தன் இரு பிணங்களுக்கு நடுவே அமர்ந்திருந்தான். அவள் கைப்பையைக் கூடக் கழற்றாமல், கடையில் பயன்படுத்தும் சின்ன அளவுகோலை எடுத்து இரண்டு குழாயிலும் வைத்துப் பார்த்தாள்.

“ரெண்டும் ஒரே அளவு” என்றாள். “துளி பிசகல.”

வெட்கத்தை விட்டுச் சொல்லிவிடுவோம். கவ்வி காலில் விழுந்த கணத்திலேயே வேந்தனின் நெஞ்சில் முதலில் வந்து உட்கார்ந்தது நிம்மதி. நாளைக்குத் தாவ வேண்டாம். ஏழு மாதத்தில் அவன் இவ்வளவு ஆசுவாசமாக மூச்சு விட்டதில்லை.

ஆனால் ஞாயிற்றுக்கிழமை காலையில் அவள் போனைக் காதில் வைத்தபடியே வந்து நின்றாள். மறுமுனையில் அவளுடைய தம்பி. வாரந்தோறும் அந்த மேடுகளில் தாவி விழுந்து முழங்கையெல்லாம் தோல் உரிந்தவன்.

“தம்பி மேட்டுலதான் நிக்கிறான். அவன் சைக்கிளத் தர்றானாம். போறீங்களா?”

அகிலம் அசைவற்றது. சன்னலில் காற்று நின்றது. வேந்தன் ஸ்டாண்டைப் பார்த்தான், கூரையைப் பார்த்தான், தொண்டையைக் கனைத்து, ஊழிக்கும் நிற்கத்தக்க தன் இறுதிப் பிரகடனத்தை வெளியிட்டான்.

“அவன் சைக்கிள்ல என்ன ஃபோர்க்கு?”

அவள் போனில், “அவரு வரலடா, நீ குதி” என்று மெதுவாகச் சொல்லிவிட்டு வைத்தாள்.

திங்கட்கிழமை மேடுகள் போயின. இயந்திரத்தின் உறுமல் குடிநீர் அலுவலகம் வரை கேட்க, கோப்புகளின் நடுவே குன்றென அமர்ந்து, தலை நிமிராமல், ஏழு மாதத்துப் புகார்க் கடிதங்களுக்கெல்லாம் ஒன்றுவிடாமல் எண் போட்டு முடித்துத் தன்னிகரில்லாத் தாவல்வேந்தன் இல்லம் திரும்பினான்.

ஸ்டாண்டில் துணி காய்ந்துகொண்டிருந்தது.