எல்லாருக்கும் பால் தேத்தண்ணி

ஊர்காவற்றுறை,
திங்கட்கிழமை பின்னேரம்.

அன்புள்ள சவிரிமுத்து மாமாவுக்கு,

மாதாவின் காவலில் நாங்கள் மூவரும் சுகம். கனடாக் குளிரில் உங்கள் முழங்கால் நோவும் மாமியின் கோபமும் தணிந்திருக்க மன்றாடுகிறேன். போனில் சொன்னால் அப்பா ஒட்டுக்கேட்பார் என்பதால் எழுதிப் படம் பிடித்து வட்சப்பில் அனுப்புகிறேன்.

எம்.பி.யின் கந்தோரில் என் பயிற்சி இன்று தொடங்கியது. "கடலுக்குப் போறவன்ரை பிள்ளைக்கு அரசறிவியல் என்னத்துக்கு?" என்று அப்பா குதித்தபோது எனக்காகச் சண்டை பிடித்தவர் நீங்கள்தானே. பயிற்சியை முடித்து எம்.பி.யின் கையொப்பம் வாங்காவிட்டால் பட்டம் இல்லை, அப்பா சொன்னதுதான் சரி என்றாகிவிடும். அதனால் என்ன வந்தாலும் விடுவதில்லை என்றுதான் உள்ளே கால் வைத்தேன்.

செயலாளர் ஜெயரூபன் அண்ணை என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "தங்கச்சி, வாற சனத்துக்குத் தேத்தண்ணி குடும். மிச்சத்தைப் பிறகு பாப்பம்" என்றார். மக்களாட்சி படித்தவளுக்குக் குசினியா என்று எனக்குக் கொதி வந்தது. ஆனாலும் வாயை மூடிக்கொண்டு, கொடுப்பதை மரியாதையாகக் கொடுப்போம் என்று அலுமாரியிலிருந்த பால்மாவை உடைத்து, வந்த எல்லாருக்கும் தடிப்பாய்ப் பால் தேத்தண்ணி கலந்து கொடுத்தேன். சனத்தின் முகத்தைப் பார்த்திருக்கவேணும் மாமா! பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்குப் பஸ் கேட்டுப் புளியங்கூடலிலிருந்து வந்த மாக்கிறேற் அக்கா கோப்பையைக் கண்டதும் என் கையைப் பிடித்து, "பிள்ளை, எத்தினை நாளா நடக்கிறன்! இண்டைக்குத்தான் கடவுள் கண் திறந்தவர்" என்று அழுதா. நானும் கண் கலங்கி, சீனி போதுமோ என்று கேட்டேன்.

பிறகுதான் விளங்கியது. அந்தக் கந்தோரில் பால் தேத்தண்ணி கிடைத்தால் எம்.பி. உங்களைச் சந்திப்பார் என்று அர்த்தமாம். பால் விடாத பிளேன்ரீ கிடைத்தால் குடித்துவிட்டு வீட்டுக்குப் போகவேண்டியதுதானாம். தீவுச் சனம் முழுக்க அறிந்த இந்த விசயம் எனக்கு மட்டும் தெரியாது, அப்பா எங்களை அந்த வாசல் மிதிக்க விட்டால்தானே! வழமையாக எழும்பிப் போகிறவர்கள் எல்லாரும் கதிரையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு இருந்தார்கள், கதிரை காணாமல் மதிலிலும் இருந்தார்கள். பின்கதவால் வெளிக்கிட்ட எம்.பி.யை, வெற்றிலை துப்பப் போன கிழவர் ஒருவர் "ஐயா, நான் பால் தேத்தண்ணி குடிச்சனான்!" என்று மறித்துவிட்டார். அதோடு சரி. மனுசன் மத்தியானச் சாப்பாடும் இல்லாமல் ஒவ்வொருவராக எல்லாரையும் சந்தித்தார். மாக்கிறேற் அக்கா இடத்தை விட்டு அரக்காமல் நின்றதில், அவவுக்கு முன்னாலேயே போன் அடித்து நாளையிலிருந்து பஸ் விடவும் செய்தார்.

சனம் போனதும் என்னைக் கூப்பிட்டார்.

"ஆர் உம்மைப் பால் கலக்கச் சொன்னது?"

"ஒருதரும் கலக்கவேண்டாம் எண்டு சொல்லேல்லை, ஐயா."

ஜெயரூபன் அண்ணை நிலத்தைப் பார்த்தார்.

"நாளைக்கு நீர் வரவேண்டாம்."

நான் விடவில்லை. "வருவன் ஐயா. வாற சனத்தைச் சந்திக்கிறதுதானே உங்கட வேலை? எனக்கு அப்பிடித்தான் படிப்பிச்சவை" என்று சொல்லி, கோப்பை எல்லாம் கழுவி வைத்துவிட்டுத்தான் வந்தேன்.

நாளைக்கும் போவேன் மாமா. கதவைப் பூட்டினால் படியில் இருப்பேன், மழை பெய்தால் குடை பிடித்துக்கொண்டு இருப்பேன். வந்த சனத்தின் முகத்தைப் பார்த்துப் பதில் சொல்ல ஏலாதவருக்கு எம்.பி. பதவி என்னத்துக்கு? அவரைத் தெரியும் என்பதற்காக நீங்கள் எனக்காக அவருக்குப் போன் எடுக்கவே கூடாது, இது என் மானப் பிரச்சினை.

மாமிக்கும் நிமலினி மச்சாளுக்கும் என் அன்பு. செபமாலை சொல்லும்போது என்னையும் அந்தப் பஸ்சையும் நினைத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் அன்பு மருமகள்,
நிலக்சனா

பி.கு: இப்போதுதான் ஜெயரூபன் அண்ணை போன் எடுத்தார். என்னை நாளைக்குக் கட்டாயம் வரட்டாம். எம்.பி. விடியவே நெடுந்தீவுக்குப் போகிறாராம், இந்தக் கிழமை முழுக்கத் திரும்பமாட்டாராம். இன்றைய கதை தீவெல்லாம் பரவி, வேலணையிலிருந்து சனம் வான் பிடித்து வருகுதாம். அவருடைய கதிரையில் இருந்து எல்லாரையும் நான்தான் சந்திக்கவேணுமாம். மாமா, தயவுசெய்து உடனே எம்.பி.க்குப் போன் எடுங்கோ. பின்கதவுப் பூட்டின் திறப்பை எங்கே வைத்தவர் என்று மட்டும் கேட்டுச் சொல்லுங்கோ.